கோப்பைக்கும் கீழிறக்கத்துக்கும் இடையே மூன்று நாட்கள்

பிரான்ஸ் கால்பந்தின் மூன்றாம் பிரிவான ‘நேஷனல்’ தொடரின் 2017-18 பருவத்தில், ஒரு சிற்றூர்க் கழகம் நாட்டின் மிகப் பெரிய கோப்பைக்கான இறுதிப் போட்டியில் ஆடியது. அதே வாரத்தில் தன் பிரிவையும் இழந்தது. அந்தப் பருவம் உணர்த்துவது என்ன?

ஒரு நாட்டின் கால்பந்தை அதன் முதல் பிரிவைக் கொண்டே மதிப்பிடுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. பிரான்ஸ் என்றதும் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், மார்செய், லியோன் ஆகிய பெயர்களே ரசிகர்களின் நினைவுக்கு வருகின்றன. அதே நாட்டின் மூன்றாம் பிரிவில் வெள்ளிக்கிழமை இரவுகளில் சில ஆயிரம் பேர் முன்னிலையில் ஆடும் கழகங்களின் பெயர்கள் எல்லை தாண்டி ஒலிப்பதில்லை. ஆயினும் பிரான்ஸ் கால்பந்தின் வலிமை எங்கிருந்து வருகிறது, அதன் பலவீனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுபவரால், முதல் பிரிவைவிட இந்த மூன்றாம் பிரிவில்தான் அதிகம் கண்டறிய முடியும். அதற்கு மிகப் பொருத்தமான சான்று 2017-18 பருவம். வாந்தே மாவட்டத்தைச் சேர்ந்த லெஸ் எர்பியே என்ற கழகம் 2018 மே 8 அன்று பிரெஞ்சுக் கோப்பையின் இறுதிப் போட்டியில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனை எதிர்த்து ஆடியது. மே 11 அன்று லீக் தொடரின் கடைசி ஆட்டத்தில் தோற்று நான்காம் பிரிவுக்கு இறங்கியது. இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பெருமையும் அந்தச் சரிவும் ஒரே அமைப்பிலிருந்து பிறந்தவை என்பதையும், அந்த அமைப்பு சிறிய கழகங்களுக்கு வாய்ப்பைத் தாராளமாகவும் வசதியைச் சிக்கனமாகவும் வழங்குகிறது என்பதையும் புரிந்துகொண்டால்தான் அந்தப் பருவத்தின் பொருள் முழுமையாக விளங்கும்.

இரண்டு உலகங்களின் எல்லைக்கோடு

பிரான்ஸில் கால்பந்துப் பிரிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. உச்சியில் உள்ள லீக் 1, அதற்கு அடுத்த லீக் 2 ஆகிய இரண்டும் முழுக்க முழுக்கத் தொழில்முறைப் பிரிவுகள். அவற்றைத் தொழில்முறைக் கால்பந்து லீக் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. மூன்றாம் பிரிவும் அதற்குக் கீழுள்ள பிரிவுகளும் பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. மூன்றாம் பிரிவின் இன்றைய வடிவம் 1993இல் உருவானது. 1997 முதல் நாடு முழுவதற்கும் ஒரே தொகுதியாக நடைபெறும் அந்தத் தொடருக்கு ‘நேஷனல்’ என்று பெயர். அதற்குக் கீழே இருந்த அமெச்சூர் பிரிவுகள் 2017இல் ‘நேஷனல் 2’, ‘நேஷனல் 3’ என்று பெயர் மாற்றப்பட்டன. ஆகவே 2017-18 பருவம் புதிய பெயரமைப்பின் முதல் பருவமாகவும் இருந்தது.

நேஷனலைத் தனித்துவம் மிக்கதாக ஆக்குவது அது நிற்கும் இடம். மேலிருந்து இறங்கிவரும் கழகங்கள் தங்கள் தொழில்முறைத் தகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தக்கவைத்துக்கொள்ள அனுமதி உண்டு. கீழிருந்து ஏறிவரும் கழகங்களோ உள்ளூர் நிறுவனங்களின் ஆதரவு, நகராட்சியின் உதவி, தன்னார்வலர்களின் உழைப்பு ஆகியவற்றை நம்பியே இயங்குகின்றன. இந்த இரு வகைக் கழகங்களும் ஒரே பட்டியலில், ஒரே விதிகளின்கீழ் மோதுகின்றன. வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமநிலைக்கு ஒரு புள்ளி; பருவ முடிவில் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேரடியாக லீக் 2க்கு உயர்கின்றன; மூன்றாம் இடம் பெறும் அணி, லீக் 2இல் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்த அணியுடன் சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள் ஆடி, வென்றால் மேலே செல்கிறது. பட்டியலின் அடியில் உள்ள அணிகள் நேஷனல் 2க்கு இறங்குகின்றன.

விதிகள் எளிமையானவை, அவற்றின் விளைவுகள் கடுமையானவை. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைகளால் வரும் வருவாயின் பெரும்பகுதி மேலுள்ள இரண்டு பிரிவுகளுக்கே செல்வதால், லீக் 2க்கும் நேஷனலுக்கும் இடையிலான இடைவெளி ஒரு படி அளவினது அன்று, ஒரு மாடி அளவினது. மேலிருந்து விழுபவர்களுக்கு அது வருவாய் இழப்பு. கீழிருந்து ஏற முயல்பவர்களுக்கு அது அரங்கம், விளக்கு வசதி, பயிற்சிக்கூடம், நிர்வாகப் பணியாளர்கள் என நீளும் தகுதித் தேவைகளின் சுமை.

பதினேழு அணிகள்

வழக்கமாக 18 அணிகள் ஆடும் நேஷனலில் அந்தப் பருவத்தில் 17 அணிகளே இருந்தன. அதற்குக் காரணம் கோர்சிகா தீவின் பெருமைக்குரிய கழகமான பாஸ்தியாவின் வீழ்ச்சி. 2017இல் லீக் 1இலிருந்து இறங்கிய அந்தக் கழகத்தின் கணக்குகளை ஆராய்ந்த நிதி மேற்பார்வைக் குழு, அதை நேரடியாக மூன்றாம் பிரிவுக்குத் தள்ளியது. பிரான்ஸில் ஒவ்வொரு கழகத்தின் வரவு செலவையும் ஆண்டுதோறும் ஆராய்ந்து, கடனில் மூழ்கும் கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பும் அதிகாரம் பெற்ற அமைப்பு இது. சுருக்கமாக ‘டிஎன்சிஜி’ என்று அழைக்கப்படுகிறது. மூன்றாம் பிரிவில் ஆடுவதற்குத் தேவையான பணத்தையும் திரட்ட முடியாத பாஸ்தியா, இறுதியில் ஐந்தாம் அடுக்கான நேஷனல் 3இல் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அதன் இடம் காலியாகவே விடப்பட்டதால், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி ஓய்வில் இருந்தது. ஒவ்வோர் அணிக்கும் 32 ஆட்டங்கள், மொத்தம் 272 ஆட்டங்கள் என்று பருவம் அமைந்தது.

மீதமிருந்த 17 பெயர்களை வாசிப்பது பிரான்ஸின் வரைபடத்தை வாசிப்பதற்கு ஒப்பானது. வடகடல் கரையில் டன்கிர்க். ஆங்கிலக் கால்வாய்க் கரையில் பூலோன். பிரித்தானித் தீபகற்பத்தின் மீன்பிடித் துறைமுகமான கோன்கார்னோ. மோன் சேன் மிஷேல் மடாலயத்துக்கு அருகிலுள்ள அவ்ரான்ஷ். மேற்கில் லவால், ஷோலே, லெஸ் எர்பியே. பிரனீஸ் மலையடிவாரத்தில் போ. தெற்கில் ரொதேஸ், பெசியே. ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த கிரெனோபிள். பாரிஸைச் சுற்றி ரெட் ஸ்டார், கிரெத்தேய், ஆந்தாந்து. பாரிஸுக்கு வடக்கே ஷாம்பிளி. லியோன் நகரின் குடியிருப்புப் பகுதியிலிருந்து துஷேர். மார்செயின் வடக்குப் பகுதியிலிருந்து கொன்சொலா. இவற்றுள் ரெட் ஸ்டாரும் லவாலும் லீக் 2இலிருந்து அப்போதுதான் இறங்கிவந்தவை. கிரெனோபிள், ரொதேஸ், ஷோலே, ஆந்தாந்து ஆகிய நான்கும் கீழிருந்து ஏறிவந்தவை. முன்னாள் லீக் 1 கழகம் ஒன்றும், சிற்றூர்த் தன்னார்வலர்கள் நடத்தும் கழகம் ஒன்றும் ஒரே வெள்ளிக்கிழமை இரவில் சமமாக நின்று மோதும் இத்தகைய பட்டியல் மேலுள்ள இரண்டு பிரிவுகளில் காணக் கிடைக்காது.

லெஸ் எர்பியே: ஊரும் கழகமும்

லெஸ் எர்பியே, மேற்கு பிரான்ஸின் வாந்தே மாவட்டத்தில் ஏறத்தாழ 16,000 பேர் வாழும் ஊர். உலகெங்கும் விற்பனையாகும் ஜானோ படகுகளின் தொழிலகம் இங்குதான் 1950களில் தோன்றியது. லட்சக்கணக்கானோர் வந்து பார்க்கும் புய் து ஃபூ வரலாற்றுக் காட்சிப் பூங்கா அருகிலேயே இருக்கிறது. சிறிய, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் அந்த நிறுவனங்களே கால்பந்துக் கழகத்துக்கும் புரவலர்களாக இருப்பது இயல்பு. 2015இல் மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்த லெஸ் எர்பியே கழகத்தின் ஆண்டு வரவு செலவு சுமார் 20 லட்சம் யூரோ அளவில் இருந்தது. இந்தத் தொகையின் சிறுமையை உணர, அதே பருவத்தின் தொடக்கத்தில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் நெய்மர் என்ற ஒரே ஆட்டக்காரரைப் பெறுவதற்காக பார்சிலோனாவுக்குச் செலுத்திய 22 கோடியே 20 லட்சம் யூரோவை எண்ணிப் பார்த்தால் போதும். அந்த ஒரு பரிமாற்றத் தொகையைக் கொண்டு லெஸ் எர்பியே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இயங்க முடியும்.

லீக் தொடரில் அந்தப் பருவம் கழகத்துக்கு நல்லபடியாக அமையவில்லை. அணி பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே தடுமாறியது. பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் ஃப்ரெதெரிக் ரெக்குலோ விலகி, ஸ்தெஃபான் மசலா பொறுப்பேற்றார். கீழிறக்கத்தைத் தவிர்ப்பதே அணியின் ஒரே இலக்காக மாறியிருந்த அந்த நேரத்தில்தான், எவரும் எதிர்பாராத மற்றொரு கதவு திறந்தது.

கோப்பை என்னும் திறந்த வாசல்

பிரெஞ்சுக் கோப்பையின் முதல் தொடர் 1917-18இல், முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் நடைபெற்றது. ஆகவே லெஸ் எர்பியே ஆடிய இறுதிப் போட்டி முதல் இறுதிப் போட்டிக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. இந்தக் கோப்பையின் சிறப்பு அதன் அகலம். நாட்டின் கடைக்கோடி அமெச்சூர் பிரிவில் ஆடும் கழகம் முதல் லீக் 1 சாம்பியன் வரை எல்லோரும் இதில் பங்கேற்கலாம். கடல் கடந்த பிரெஞ்சு மாநிலங்களின் கழகங்களுக்கும் இடம் உண்டு என்பதால், தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் ரீயூனியன் தீவின் அணிகளும் இதில் ஆடுகின்றன. எண்ணிக்கையில் பல ஆயிரம் கழகங்கள் போட்டியிடும் இந்தத் தொடரில் எந்த அணி எந்த அணியை எதிர்கொள்வது என்பதைக் குலுக்கலே முடிவு செய்கிறது. ஒவ்வொரு மோதலும் ஒரே ஆட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. நேஷனல் கழகங்கள் ஐந்தாம் சுற்றிலும் லீக் 2 கழகங்கள் ஏழாம் சுற்றிலும் களமிறங்க, லீக் 1 கழகங்கள் 64 அணிகள் எஞ்சும் கட்டத்தில்தான் சேருகின்றன. இரண்டு அடுக்குகளோ அதற்கு மேலோ தாழ்ந்த கழகத்துக்குச் சொந்த மண்ணில் ஆடும் உரிமையும் வழங்கப்படுகிறது.

ஐந்தாம் சுற்றில் நுழையும் கழகம் இறுதிப் போட்டியை எட்ட ஒன்பது ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். லெஸ் எர்பியே அதைச் செய்தது. 16 அணிகள் எஞ்சிய கட்டத்தில், ஒருகாலத்தில் இந்தக் கோப்பையைப் பலமுறை வென்றதும் அப்போது லீக் 2இல் ஆடியதுமான ஒசேர் கழகத்தை 3-0 என்று வீழ்த்தியது. காலிறுதியில் மற்றொரு லீக் 2 கழகமான லான்ஸுடன் கோல் ஏதுமின்றிச் சமநிலையில் நின்று, பெனால்டி உதைகளில் வென்றது. குலுக்கலின் தயவில் இந்தப் பயணத்தில் ஒரு லீக் 1 கழகம்கூட எதிர்ப்படவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடக்கூடிய ஒன்பது ஆட்டங்களை ஓர் அணி அடுத்தடுத்து வெல்வதைக் குலுக்கலின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அரையிறுதி அந்தப் பருவத்தின் நேஷனல் தொடருக்கே கிடைத்த சிறப்பு. ஸ்ட்ராஸ்பூர்க் என்ற லீக் 1 கழகத்தைக் காலிறுதியில் வெளியேற்றிய ஷாம்பிளியும் நேஷனல் அணியே ஆதலால், மூன்றாம் பிரிவின் இரண்டு கழகங்கள் இறுதிப் போட்டிக்கான இடத்துக்காக மோதின. லெஸ் எர்பியேயின் மசபியேல் அரங்கு இத்தகைய ஆட்டத்துக்குச் சிறியது என்பதால், 2018 ஏப்ரல் 17 அன்று அந்த ஆட்டம் நாந்து நகரின் போழ்வார் அரங்கில் நடந்தது. வாரந்தோறும் ஓராயிரம், ஈராயிரம் பேர் முன்னிலையில் ஆடிப் பழகிய இரண்டு அணிகளைக் காண முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஃப்ளோரியான் தாவித், ஆம்புருவாஸ் கிபோஹோ ஆகியோர் அடித்த கோல்களால் லெஸ் எர்பியே 2-0 என்று வென்றது.

மே 8: பாரிஸின் பேரரங்கில்

இறுதிப் போட்டி நடந்த ஸ்டேட் து பிரான்ஸ் அரங்கில் ஏறத்தாழ 80,000 பேர் அமரலாம். லெஸ் எர்பியேயின் மக்கள் எல்லோரும் வந்து அமர்ந்தாலும் அதில் ஐந்தில் ஒரு பகுதிதான் நிறையும். எதிரே நின்ற பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அந்தப் பருவத்தின் லீக் 1 சாம்பியன் பட்டத்தையும் லீக் கோப்பையையும் ஏற்கெனவே வென்றிருந்தது. காயம் காரணமாக நெய்மர் ஆடாவிட்டாலும் எம்பாப்பே, கவானி, தியாகோ சில்வா ஆகியோர் களத்தில் இருந்தனர். ஆட்டம் தொடங்கியதும் பந்து பாரிஸ் அணியின் கால்களிலேயே சுழன்றது. லெஸ் எர்பியே பத்துப் பேரையும் தன் கோல் பகுதிக்கு முன்னே நிறுத்தி, இடைவெளிகளை அடைத்து, கோல்காப்பாளர் மத்தியூ பிஷோவின் கைகளை நம்பி நின்றது. 26ஆம் நிமிடத்தில் பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து லோ செல்சோ அடித்த பந்து வலைக்குள் சென்றது. அதன்பின் அரைமணி நேரம், முக்கால்மணி நேரம் கழிந்தும் கோல் வித்தியாசம் ஒன்றாகவே நீடித்தது. 74ஆம் நிமிடத்தில் கவானி பெனால்டி மூலம் இரண்டாவது கோலை அடித்த பிறகுதான் ஆட்டத்தின் முடிவு உறுதியானது. 2-0 என்று வென்ற பாரிஸ் அணிக்கு அது தொடர்ந்து நான்காவது பிரெஞ்சுக் கோப்பை, மொத்தத்தில் பன்னிரண்டாவது.

கோப்பை வழங்கும் மேடையில் பாரிஸ் அணித்தலைவர் தியாகோ சில்வா, லெஸ் எர்பியே அணித்தலைவர் செபாஸ்தியான் ஃப்ளோஷோனைத் தம் அருகில் அழைத்து, இருவரும் சேர்ந்தே கோப்பையை உயர்த்தும்படி செய்தார். இது முன்னுதாரணம் உள்ள மரியாதை. 2000ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் நான்காம் அடுக்கு அமெச்சூர் கழகமான கலே, நாந்து அணியிடம் 2-1 என்று கடைசி நிமிடப் பெனால்டியில் தோற்றபோது, நாந்து அணித்தலைவர் லாந்துரோ, கலே அணித்தலைவரை அழைத்துக் கோப்பையைச் சேர்ந்து தூக்கியது பிரெஞ்சுக் கால்பந்தின் நினைவில் நிலைத்த காட்சி. வென்றவர் தோற்றவரைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும் இந்தச் செயல், கோப்பை இருவருக்கும் பொதுவான ஒரு மரபின் சொத்து என்பதை அங்கீகரிப்பதாகும்.

மே 11: பெசியேயில்

கோப்பையை வென்றிருந்தால் லெஸ் எர்பியே அடுத்த பருவத்தில் ஐரோப்பா லீக் தொடரில் ஆடும் தகுதியைப் பெற்றிருக்கும். ஆனால் லீக் தொடர் காத்திருந்தது. மூன்று நாட்களுக்குப் பிறகு, நாட்டின் மறுகோடியில், மத்தியதரைக் கடலுக்கு அருகிலுள்ள பெசியே நகரில் பருவத்தின் கடைசி ஆட்டத்தை அந்த அணி ஆட வேண்டியிருந்தது. கீழிறக்கத்திலிருந்து தப்ப லெஸ் எர்பியேவுக்கு அந்த ஆட்டம் தேவை. லீக் 2க்கு உயரப் பெசியேவுக்கும் அதே ஆட்டம் தேவை. ஓர் அணிக்கு வாழ்வும் மற்றோர் அணிக்கு உயர்வும் ஒரே ஆட்டத்தில் தங்கியிருந்த நிலையில், பெசியே 4-1 என்று வென்றது. லெஸ் எர்பியே, கொன்சொலா, கிரெத்தேய் ஆகிய மூன்றும் நேஷனல் 2க்கு இறங்கின.

இந்த முடிவுக்குக் களைப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. அணி பருவம் முழுவதுமே புள்ளிகளுக்குத் திணறியது. ஆனால் 32 லீக் ஆட்டங்களோடு பத்துக் கோப்பை ஆட்டங்களையும் ஆடிய ஓர் அணியின் சுமையைக் கணக்கில் கொள்ளாமல் இருப்பதும் நியாயமாகாது. பெரிய கழகம் ஒன்று இரண்டு தொடர்களில் ஒரே நேரத்தில் ஆடும்போது, இருபத்தைந்து தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சுழற்சி முறையில் களமிறக்குகிறது. மருத்துவர்கள், உடற்பயிற்சி வல்லுநர்கள், பயண ஏற்பாட்டாளர்கள் என ஒரு படையே பின்னால் நிற்கிறது. 20 லட்சம் யூரோவில் இயங்கும் கழகத்துக்கு அந்த வசதி இல்லை. கோப்பை ஒரே இரவின் துணிச்சலுக்குப் பரிசளிக்கிறது. லீக் தொடர் எட்டு, ஒன்பது மாதங்கள் தொடரும் தாங்குதிறனை அளக்கிறது. துணிச்சலைப் பணம் இல்லாமலும் திரட்ட முடியும். தாங்குதிறனை அப்படித் திரட்டுவது கடினம். லெஸ் எர்பியேயின் பருவம் இந்த வேறுபாட்டை மூன்று நாட்களுக்குள் சுருக்கிக் காட்டியது.

மேலே சென்றவர்கள்

அந்தப் பருவத்தின் சாம்பியன் பட்டம் ரெட் ஸ்டாருக்குச் சென்றது. பின்னாளில் உலகக் கோப்பையைத் தோற்றுவித்த ஜூல் ரிமே 1897இல் பாரிஸில் நிறுவிய இந்தக் கழகம், பிரெஞ்சுக் கோப்பையை ஐந்து முறை வென்ற பழம்பெருமை உடையது. பாரிஸின் வடக்கு எல்லையை ஒட்டிய தொழிலாளர் நகரான சேன்துவானில் உள்ள போவேர் அரங்கே அதன் வீடு. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த மனுஷியான் குழுவில் சேர்ந்து போராடி 1944 பிப்ரவரி 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட ரீனோ தெல்லா நெக்ரா இந்தக் கழகத்தின் ஆட்டக்காரர். அரங்கின் பார்வையாளர் பகுதி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. ரெட் ஸ்டாரை 2018இல் வெற்றிக்கு அழைத்துச் சென்ற பயிற்சியாளர் ரெழிஸ் ப்ருவாரும் கோப்பைக் கனவை அறிந்தவரே. 2012இல் கெவிலி என்ற நேஷனல் கழகத்தை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்று, லியோனிடம் 1-0 என்று தோற்றவர் அவர்.

ரெட் ஸ்டாரின் வரலாறு, மூன்றாம் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையிலுள்ள சுவரின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2015இல் லீக் 2க்கு உயர்ந்தபோது, பழைய போவேர் அரங்கு தொழில்முறைத் தரத்துக்கு உகந்ததன்று என்ற காரணத்தால், அந்தக் கழகம் தன் சொந்த ஆட்டங்களை முதலில் பொவே நகரிலும், பிறகு பாரிஸின் மேற்குக் கோடியிலுள்ள ழான் பூவேன் அரங்கிலும் ஆட நேர்ந்தது. 2017இல் கீழே இறங்கியதும் போவேருக்குத் திரும்பி, தன் மக்கள் முன்னிலையில் ஆடி, சாம்பியன் ஆனது. ஆன மாத்திரத்திலேயே லீக் 2இன் விதிகளின்படி மறுபடியும் போவேரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வெற்றிக்குப் பரிசாக வீட்டை இழக்கும் இந்த நிலை ஒரு கழகத்தின் தனிப்பட்ட துயரம் அன்று. 2019இல் லீக் 2க்கு உயர்ந்த ஷாம்பிளியும் தன் ஊரில் ஆட முடியாமல் பொவேவுக்குச் சென்றது.

ரக்பியே உயிர்மூச்சான பெசியே நகருக்குக் கால்பந்தில் இரண்டாம் பிரிவைப் பெற்றுத் தந்தவர் பயிற்சியாளர் மத்தியூ ஷபேர். மூன்றாம் இடம் பெற்ற கிரெனோபிள், லீக் 2இன் பூர்க்-ஆன்-பிரெஸ் அணியை இரண்டு ஆட்டங்களின் முடிவில் வீழ்த்தி மேலே சென்றது. 2008 முதல் 2010 வரை லீக் 1இல் ஆடிய அந்தக் கழகம், 2011இல் திவாலாகி ஐந்தாம் அடுக்கில் மறுபடி தொடங்கியிருந்தது. இரண்டாம் பிரிவுக்குத் திரும்ப ஏழு ஆண்டுகள் ஆயின. விழுந்த கழகம் அதே பெயருடன் திரும்பி வருவதற்குப் படிகள் இடையறாமல் இருக்க வேண்டும் என்பதற்குக் கிரெனோபிள் ஒரு சான்று. ஷபேர் பொறுப்பேற்ற பின் 2021இல் லீக் 2க்குத் திரும்பிய பாஸ்தியா மற்றொன்று.

கோப்பைப் புகழ் எதைக் காப்பாற்றும்?

லெஸ் எர்பியேவுக்கு முன்னும் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் இறுதிப் போட்டியைக் கண்டதுண்டு. அவற்றுக்குப் பின்னர் நேர்ந்தவற்றை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகிறது. 1996இல் ஒசேரிடம் தோற்ற நீம், மறு ஆண்டிலேயே இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது. 2001இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிடம் பெனால்டி உதைகளில் தோற்ற அமியேன் அதே பருவத்தில் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது. 2012இன் கெவிலியோ அடுத்த பருவத்தில் நேஷனலிலிருந்து இறங்கியது. நாடே கொண்டாடிய கலே, கடன் சுமையால் நொறுங்கி 2017இல் கலைக்கப்பட்டது. அதாவது லெஸ் எர்பியேயின் கோப்பைப் பயணம் தொடங்கிய அதே பருவத்தில், அதற்கு முன்னோடியான கழகம் இல்லாமலே போனது. கோப்பைப் புகழ் தன்னளவில் எந்தக் கழகத்தையும் காப்பாற்றுவதில்லை. நிதியும் அரங்கமும் நிர்வாகமும் ஏற்கெனவே உறுதியாக இருந்த கழகங்களுக்கு மட்டுமே அது படிக்கட்டாகிறது.

மூன்றாம் பிரிவு எதைத் தருகிறது?

லெஸ் எர்பியே கீழிறங்கி இரண்டு மாதங்கள் கழித்து, 2018 ஜூலை 15 அன்று மாஸ்கோவில் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றது. குரோவேஷியாவுக்கு எதிரான அந்த இறுதிப் போட்டியில் தொடக்கத்திலிருந்தே ஆடிய என்கோலோ கான்டே, அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் பூலோன் கழகத்துக்காக நேஷனல் தொடரில் ஆடிக்கொண்டிருந்தவர். முன்கள ஆட்டக்காரர் ஒலிவியே ஜிரூ, 2007-08 பருவத்தை இஸ்த்ர் கழகத்துக்காக அதே நேஷனலில் கழித்தவர். பெரிய கழகங்களின் பயிற்சிக்கூடங்கள் சிறியவர் என்றும் மெதுவானவர் என்றும் கடந்து சென்றவர்களுக்கு, வாரந்தோறும் பெரியவர்களோடு மோதி, தவறு செய்து, திருத்திக்கொண்டு வளர ஒரு களம் தேவைப்படுகிறது. பிரான்ஸில் அந்தக் களம் மூன்றாம் பிரிவு.

கழகங்களைப் பொறுத்தும் இதே கதைதான். 2017-18இன் 17 நேஷனல் அணிகளுள் ரெட் ஸ்டார், பெசியே, கிரெனோபிள் ஆகியவை அந்தப் பருவத்திலேயே லீக் 2க்குச் சென்றன. ரொதேஸும் ஷாம்பிளியும் 2019இலும், போவும் டன்கிர்க்கும் 2020இலும், லவால் 2022இலும், கோன்கார்னோ 2023இலும், பூலோன் 2025இலும் அதே உயரத்தை எட்டின. 17இல் பத்துக் கழகங்கள் சில ஆண்டுகளுக்குள் ஒரு பிரிவு ஏறியிருப்பது, இந்த ஏணி உயிரோட்டத்துடன் இருப்பதன் அடையாளம். ஆனால் ஏறிய முதல் பருவத்திலேயே, 2019இல், ரெட் ஸ்டாரும் பெசியேவும் லீக் 2இன் அடியில் முடிந்து மீண்டும் இறங்கியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏறுவது சாத்தியம், ஏறிய இடத்தில் நிற்பதுதான் அரிது.

ஆகவே 2017-18 பருவம் பிரெஞ்சுக் கால்பந்தின் முன் வைக்கும் கோரிக்கை தெளிவானது. பிரெஞ்சுக் கோப்பை எவருக்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அது போற்றத்தக்க மரபு. அந்த வாசல் வழியே வருபவர்கள் தொடர்ந்து நிற்பதற்கான தளத்தையும் சேர்த்து அமைத்தால்தான் அந்த மரபு நேர்மையானதாகும். ஒளிபரப்பு வருவாயில் மூன்றாம் பிரிவுக்கு உரிய பங்கு, உயரும் கழகம் தன் ஊரிலேயே ஆடும்படி அரங்கத்தை மேம்படுத்தப் போதிய காலமும் நிதி உதவியும், கோப்பையில் நெடுந்தூரம் செல்லும் சிறிய கழகத்தின் லீக் ஆட்ட அட்டவணையில் நியாயமான இடைவெளி ஆகிய மூன்றும் எட்டாக்கனிகள் அல்ல. உச்சியில் புழங்கும் பணத்தின் சிறு பகுதி போதும். தன் ஆட்டக்காரர்களையும் தன் கதைகளையும் கீழ்ப்பிரிவுகளிலிருந்து பெற்றுக்கொள்ளும் கால்பந்து, அந்தப் பிரிவுகளுக்குத் திருப்பித் தர வேண்டியது கருணை அன்று. அது பட்ட கடன்.